நாலாம் பம்பு, அஞ்சு வெள்ளி

கண்ணாடித் துளை வழியே காசு வரும்,
எண் வரும்.
முகம் பெரும்பாலும் வராது.
'ரெண்டு, பத்து வெள்ளி.'
'ஆறு, மூணு.'
சிலிம் ரிவரில் 'ஃபுல்' என்று சொல்பவர்கள்
தவுக்கேயின் மச்சானும்
நெடுஞ்சாலையைத் தவறவிட்டு வரும்
கோலாலம்பூர் கார்களும்தான்.

நான் தட்டுவேன்.
ஐந்து, பூஜ்யம், பூஜ்யம்.
அது சிமெண்டுத் தரைக்கு அடியில் ஓடிப்போய்ப்
பம்பின் காதில் சொல்லிவிடும்:
இவ்வளவுதான்.

அதன் பிறகு பம்பு நடந்துகொள்ளும் விதம்
எனக்குப் பிடிக்கும்.
நாலே முக்கால் வரை தடதடவென்று ஊற்றும்.
அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் தயங்கும்.
நாலு எண்பது.
நாலு எண்பத்தைந்து.
கடைசிப் பத்துக் காசைக்
கண்ணுக்கு மருந்து விடுவதுபோல் விட்டு
ஐந்தில் நிற்கும்.
உள்ளே ரெண்டு கதவாம்,
பெரியது முதலில் சாத்திக்கொள்ளுமாம், சின்னது கடைசியில்.
மீட்டர் பார்க்க வந்த ஹாஃபிஸ் சொன்னான்.
ஒரேயடியாகச் சாத்தினால் எண் தாண்டிவிடும் என்றான்.

டேங்க் நிறைந்து நிற்பது வேறு.
அப்போது பிடி கைக்குள் 'டக்'கென்று உதைக்கும்.
காசு தீர்ந்து நிற்கும்போது உதைக்காது.
விரல் வலிக்கும்வரை அழுத்திக்கொண்டே நிற்கலாம்,
யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள்.

அங்கமுத்து செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
மூணு நாளைக்கு ஒரு தரம், சாயங்காலம் ஆறரை,
தலைக்கவசம் கழற்றாமல்
துளையில் ஒரு பச்சைத் தாள்.
'நாலு, அஞ்சு.'
அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.
பெயரே எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த வியாழக்கிழமை மழை.
வரிசை சாலை வரை நின்றது.
என் விரல் ஒரு பூஜ்யத்தைக்
கூடுதலாகப் போட்டது.

பம்பு தயங்கவில்லை.
பள்ளிக்கூடத்தைக் கடக்கும் செம்பனை லோரி மாதிரி
ஐந்தைக் கடந்தது.
அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏழு அறுபதில்
'டக்.'

யாரோ கையைப் பிடித்ததுபோல் திரும்பினார்.
எண்ணைப் பார்த்தார்.
டேங்கின் வாய்க்குள் குனிந்து பார்த்தார்.
விளிம்பு வரை வந்து மினுங்கியது.
வண்டி எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அன்றுதான் தலைக்கவசம் கழன்றது.
நரைத்த தலை, அதற்குப் பொருந்தாத இளமுகம்.
'யாரு நிரப்பச் சொன்னது?'
'என் தப்பு அண்ணே. போங்க, நான் போட்டுக்கறேன்.'
'நான் அஞ்சுதானே கொடுத்தேன்.
மிச்சத்தை எடுத்துக்க.'
'எப்படி எடுக்கறது?'
'அது உன் வேலை.'

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
இந்த இயந்திரத்துக்கு ஊற்றத் தெரியும்,
எங்கே நிற்பதென்று தெரியும்,
திரும்ப வாங்கத் தெரியாது.
இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஈரத்தோடு ஏறி உதைத்துப் போனார்.

இரவுக் கணக்கில்
ரெண்டு வெள்ளி அறுபது காசு துண்டு.
என் பர்ஸிலிருந்து போட்டேன்.
பெரிய காசில்லை.
வீடு போய்ச் சேரும்வரை கோபம்,
அவர் மேல்.

மூன்றாம் நாள் வரவில்லை.
நிறைந்த டேங்க், வராதுதான்,
நாலரை நாள் ஓடும் என்று கணக்குப் போட்டேன்.
ஐந்தாம் நாளும் இல்லை.
எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த நிலையத்தின் வெளிச்சத்தில்
ஒரு சாயங்காலம் அதே வண்டி.
அல்லது அதே மாதிரி வண்டி,
இந்த ஊரில் எல்லாமே அதே மாதிரி வண்டிதான்.

எட்டாம் நாள் துளையில்
ஒரு பச்சைத் தாள், ரெண்டு நீலத் தாள், சில்லறை.
'நாலு, அஞ்சு.'
நீலத்தையும் சில்லறையையும்
ஒரு விரலால் தனியே தள்ளினார்.
வாங்கிக்கொண்டேன், எண்ணவில்லை.
எண்ணியிருந்தால்தான் மரியாதையோ என்னவோ.

ஐந்து.
பூஜ்யம்.
பூஜ்யம்.
பார்த்துவிட்டு அழுத்தினேன்.

பம்பு ஊற்றியது, தயங்கியது,
சொட்டியது, நின்றது.
அவர் பிடியை விடவில்லை.
குழாயைத் தோளுக்கு மேல் தூக்கி,
வளைவில் தங்கிக் கிடந்ததை
மெதுவாக டேங்குக்குள் இறக்கினார்.
ரெண்டு உதறு உதறினார்.

அது எந்த எண்ணிலும் ஏறாது.